போயர் பூர்விகம் தேடித் தருகிறேன் என்றவரிடம் 26,000 ராண்ட் கொடுத்து ஏமாந்தோம்

என் மனைவி தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள், ஆஃப்ரிகான்ஸ் பேசும் போயர் குடும்பம், அதாவது டச்சுக்காரர்கள் முதலாக ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். எனக்கு ஊர் நாகப்பட்டினம் பக்கம். கல்யாணமாகிப் பதினொரு வருடமாக புளூம்ஃபொன்டெய்னில் இருக்கிறோம். போன வருடம் மாமனாருக்கு எண்பது வயது நிறைந்தது, அதற்குப் பரிசாகக் குடும்பத்தின் பூர்விகத்தைத் தேடி எழுதித் தரச் சொல்லி ஒருவரிடம் 26,000 ராண்ட் கொடுத்தோம். அவர் எழுதித் தந்ததில் முக்கால்வாசி பொய், அதிலும் ஒரு பொய்யை அவர் தெரிந்தே செய்திருந்தார். இங்கேயும் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் எங்களைப் போலவே கல்யாணம் செய்துகொண்ட தமிழர்கள் இருக்கிறீர்கள், பிள்ளைகளும் அம்மா பக்கம் யார், அப்பா பக்கம் யார் என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஏன் ஆள் வைத்துத் தேட வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். போயர் குடும்பங்களில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் வீட்டு பைபிளின் முன்பக்கத் தாள்களில் எழுதி வைப்பார்கள். எங்கள் மாமனார் வீட்டு பைபிள் 1901-ல் பண்ணை வீட்டோடு எரிந்துபோனது. இரண்டாம் போயர் போரில் ஆங்கிலேய ராணுவம் பண்ணைகளை வரிசையாகக் கொளுத்தி, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்த காலம் அது. மாமனாரின் பாட்டி வின்பர்க் முகாமில் இருந்தவர், இரண்டு குழந்தைகளை அங்கேயே புதைத்தவர். தாத்தா அதற்கு முன்பே, 1900 ஜூலையில் தளபதி பிரின்ஸ்லூ நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு சரணடைந்தபோது பிடிபட்டு, கப்பலேற்றி இலங்கையின் தியத்தலாவை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் செதுக்கிய ஒரு மரப்பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைகளைப் பற்றி மாமனாருக்குத் தெரிந்ததெல்லாம் "நாம் ஃப்ளாண்டர்ஸிலிருந்து ஹாலந்து போய், அங்கிருந்து கேப்புக்கு வந்தோம்" என்று அவருடைய அப்பா சொன்ன ஒரே ஒரு வரிதான்.

ஃப்ளாண்டர்ஸ் என்பது இன்றைய பெல்ஜியத்தின் வடக்குப் பகுதி, கேப் என்பது இன்றைய கேப் டவுனும் அதைச் சுற்றிய பகுதியும். அந்த வரியில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. 1585-ல் அந்தப் பகுதியின் ஆன்ட்வெர்ப் நகரம் ஸ்பானியர் கையில் விழுந்தது, புராட்டஸ்டன்ட்கள் மதம் மாற வேண்டும், இல்லையென்றால் நான்கு வருடத்துக்குள் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஃப்ளெமிஷ் (ஃப்ளாண்டர்ஸ்) குடும்பங்கள் வடக்கே நெதர்லாந்தில் மிடெல்பர்க், லைடன், ஹார்லெம் என்று போய்க் குடியேறின. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் காலத்தில்தான், 1652-ல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் குடியேற்றத்தைத் தொடங்கியது. நேரடியாக ஃப்ளெமிஷ் ஊரிலிருந்து கிளம்பி வந்தவர்களும் உண்டு. இன்று தென்னாப்பிரிக்கா முழுக்க இருக்கும் டு பிரீ குடும்பங்களின் முன்னோர் கோர்ட்ரெய்க்கைச் சேர்ந்தவர், 1688-ல் ஹியூகனாட் என்ற பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் அகதிகளோடு வந்தார். அதனால் மாமனார் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம், சான்று மட்டும்தான் இல்லை. நம்மிடம் இருக்கும் இந்த ஆசையையும் இந்த இடைவெளியையும் பார்த்துத்தான் இப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள்.

அந்த ஆளை மாமனாரின் தேவாலய நண்பர் ஒருவர்தான் அறிமுகப்படுத்தினார். வயதானவர், பேச்சு அவ்வளவு மரியாதையாக இருக்கும். ஐரோப்பா போய் மூல ஏடுகளையே பார்த்து எழுதுவதாகச் சொன்னார். பாதிப் பணம் முன்பணம், மீதி புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால். எந்தக் காப்பகம், எந்தக் கோப்பு என்று ஒரு தடவை கேட்டேன். அது தன் தொழில் ரகசியம் என்றார். அப்போதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும், ஆனால் மாமனாரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து புத்தகம் வந்தது. தோல் அட்டை, அறுபது பக்கம், முதல் பக்கத்தில் தங்க நிறப் பின்னணியில் கறுப்புச் சிங்கம் போட்ட குடும்பச் சின்னம். பிறந்தநாள் அன்று மாமனார் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார். எனக்கு இப்போது நினைத்தாலும் மனசு பொறுக்கவில்லை.

சந்தேகம் முதலில் அந்தச் சிங்கத்தில்தான் வந்தது. தங்கத்தில் கறுப்புச் சிங்கம் என்பது ஃப்ளாண்டர்ஸ் நாட்டுக்கே உரிய சின்னம், எந்தத் தனிக் குடும்பத்துடையதும் இல்லை. மனைவியின் சித்தப்பா மகன் ஸ்டெல்லன்போஷில் இருக்கிறார், வரலாற்று ஆசிரியர். புத்தகத்தைப் புரட்டிய அவர் அடுத்ததாகக் காட்டியது, பெயரில் "ஃபான்" இருப்பதால் நீங்கள் பிரபு குலம் என்று எழுதியிருந்த வரியை. ஜெர்மனியில் "ஃபொன்" பெரும்பாலும் பிரபு குலத்தைக் குறிக்கும், டச்சில் "ஃபான்" என்பது இன்ன ஊர்க்காரர் என்று சொல்வதோடு சரி, குடியானவனுக்கும் அது உண்டு.

அப்புறம் மிடெல்பர்க். முதன்முதலில் கேப்புக்கு வந்த மூதாதையை இங்கே ஸ்டாம்ஃபாடர் என்பார்கள். எங்கள் ஸ்டாம்ஃபாடர் 1668-ல் மிடெல்பர்க்கில் ஞானஸ்நானம் பெற்றதாகவும், மூல ஏட்டைத் தானே நேரில் பார்த்து எழுதியதாகவும் புத்தகத்தில் இருந்தது. நான் அங்குள்ள ஸேலாண்ட் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். 1940 மே 17 அன்று போரில் அந்த நகரமே தீப்பிடித்து எரிந்தபோது பழைய ஞானஸ்நான ஏடுகள் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டன, நீங்கள் கேட்கும் ஏடும் அதில் போய்விட்டது என்று இரண்டே நாளில் பதில் வந்தது. எரிந்துபோன ஏட்டை இந்த மனிதர் நேரில் பார்த்திருக்கிறார்!

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பள ஏட்டில் ஸ்டாம்ஃபாடர் பெயரைப் பார்த்ததாகவும், வருடம் 1689 என்றும் எழுதியிருந்தார். கப்பல் வாரியான அந்தச் சம்பள ஏடுகள் ஹேக் நகரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஆறு லட்சத்துக்கும் அதிகமான பதிவுகளை இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். ஆனால் அவை தொடர்ச்சியாகக் கிடைப்பது 1700-ஐ ஒட்டிய காலத்திலிருந்துதான், அதற்கு முந்தையவை பெரும்பாலும் அழிந்துவிட்டன. 1689 என்று யாராவது சொன்னால் ஏட்டின் எண்ணைக் கேட்க வேண்டும். நான் கேட்டேன், பதில் இல்லை.

இதையெல்லாம்கூட ஒருவர் அரைகுறையாக வேலை செய்தார் என்று விட்டுவிடலாம். விட முடியாதது நாலாம் அத்தியாயம். ஸ்டாம்ஃபாடரின் மகன் ஃப்ளாண்டர்ஸின் கென்ட் நகரத்துப் பிரபு குடும்பத்துப் பெண்ணைக் கேப் டவுனில் கல்யாணம் செய்ததாக எழுதி, தேவாலயத்தின் கல்யாண ஏட்டுப் பக்கத்தின் படத்தையும் அச்சடித்திருந்தார். அந்தப் படம் வலது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. டச்சுச் சீர்திருத்தத் தேவாலயத்தின் ஏடுகளில் பெரும்பகுதியை ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், அதே பக்கத்தை நானும் மனைவியும் மூன்று இரவு உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தோம். வெட்டிய இடத்தில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் "ஃபான் டெ குஸ்ட்" என்று இருந்தது.

குஸ்ட் என்றால் கரை. கம்பெனிக்காரர்கள் வெறுமனே "கரை" என்று எழுதினால் அது நம்முடைய சோழமண்டலக் கரை. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அவர்கள் கையில் இருந்த துறைமுகங்கள், பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்டவர்களை அங்கிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அந்த அடிமைகளுக்குக் கேப்பில் கொடுத்த பெயர்கள் இப்படித்தான் இருக்கும்: ஃபான் பெங்காலன், ஃபான் மலபார், ஃபான் டெ குஸ்ட். ஐரோப்பியப் பெண்கள் குறைவாக இருந்த அந்தக் காலத்தில் விடுதலை பெற்ற அடிமைப் பெண்களைக் குடியேறியவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். வங்காளத்தின் ஆன்ஸீலா 1669-ல் ஆர்னால்டஸ் பாஸனை மணந்தது ஊரறிந்த வரலாறு, அவர் வழியில் வந்த போயர் குடும்பங்கள் ஏராளம். என் மனைவிக்கு ஒன்பது தலைமுறைக்கு முந்தைய பாட்டி என் ஊர்க் கடற்கரையிலிருந்து கப்பலேறியவளாக இருக்கலாம். அவளைத்தான் இந்த மனிதர் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இல்லாத ஒரு பிரபு வீட்டுப் பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்.

ஃபோன் போட்டுக் கேட்டேன். "உங்கள் மாமனார் வயதுக்காரர்கள் இதைப் பார்க்க விரும்ப மாட்டார்கள், மனசு கஷ்டப்பட வேண்டாம் என்று விட்டேன்" என்றார். அப்படியானால் உங்களுக்கு முன்பே தெரியும் என்றுதானே அர்த்தம் என்றேன். ஃபோனை வைத்துவிட்டார், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. இந்த நாட்டில் 1949-லிருந்து 1985 வரை வெள்ளையருக்கும் மற்றவருக்கும் கல்யாணமே சட்டப்படி தடை, அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படிப்பட்ட பாட்டிகளை மறைத்து வைத்தன. இன்றைக்கும் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு அதையே செய்கிறார் என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வேலைக்கு ஆள் வைக்கப் போகிறீர்கள் என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தலைமுறைக்கு மட்டும் மாதிரி கேளுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் காப்பகம், தொகுப்பு, கோப்பு எண் எழுதித் தரச் சொல்லுங்கள். ஐரோப்பாவிலிருந்து தொடங்குகிறவரை நம்ப வேண்டாம், நம் தலைமுறையிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளில் இருக்கும் மரண அறிவிப்புத் தாளில் இறந்தவரின் அப்பா அம்மா, பிறந்த ஊர், பிள்ளைகள் எல்லாம் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொரு படியாகப் போகலாம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைப்பது போயர் வழக்கம், அதனால் ஒரே காலத்தில் ஒரே பெயரில் நாலைந்து பங்காளிகள் இருப்பார்கள். எங்கள் புத்தகத்தில் 1820-களில் அப்படி ஒரு பங்காளியின் கிளைக்குத் தாவியிருக்கிறார், அங்கிருந்து மேலே இருப்பதையெல்லாம் மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. நல்லவேளை, அந்த ஃபான் டெ குஸ்ட் பெண்ணின் கல்யாணம் இரண்டு கிளைக்கும் பொதுவான இடத்தில் வருகிறது, கேப் டவுன் ரோலண்ட் தெருக் காப்பகத்துக்குப் போய் சொத்துக் கோப்புகளை வைத்து அதை உறுதி செய்துகொண்டோம். ஸ்டாம்ஃபாடர் ஜெர்மானியராக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள், போயர்களின் டிரான்ஸ்வால் குடியரசுத் தலைவராக இருந்த பால் குரூகரின் முன்னோரே 1713-ல் ஜெர்மனியிலிருந்து வந்தவர்தான்.

இங்கே சிறு வழக்கு நீதிமன்றத்தில் இப்போதைக்கு 20,000 ராண்ட் வரைக்கும்தான் கேட்க முடியும், வக்கீல் வைக்கக் கூடாது. மீதி ஆறாயிரத்தை விட்டுவிட்டு மனு கொடுத்திருக்கிறோம்.

மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று மனைவி இரண்டு வாரம் தவித்தாள். கடைசியில் வெட்டாத பக்கத்தை அச்செடுத்து அவர் முன்னால் வைத்தோம். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கரையை வரைபடத்தில் காட்டச் சொன்னார், காட்டினேன், உங்கள் அம்மா வீடு இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, தியத்தலாவை மரப்பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறார். தோல் அட்டைப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, வழக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டும்.