பழைய ஹைலக்ஸுக்கு டென்சோ ஏசி ஃபில்டர்: ஷார்ஜா தூசியில் போட்டுப் பார்த்த அனுபவம்

வண்டி 2012 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2.7 பெட்ரோல், டபுள் கேபின். கட்டட ஏசி மெயின்டனன்ஸ் வேலை எங்களுக்கு. ஓட்டம் பெரும்பாலும் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலும் மண் ரோடு சைட்டுகளிலும்தான். கூட வரும் தம்பிக்கு வீசிங் உண்டு. அதனால் வண்டிக்குள் வரும் காற்று விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

இந்த வயது ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே ஃபில்டர் இருக்கிறதா என்பதைத்தான். ஸ்லாட் மட்டும் இருந்து உள்ளே காலியாக ஓடும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்ப்பது சுலபம். ஏசியை நிறுத்திவிட்டு கிளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தினால் பெட்டி கீழே தொங்கும். ஓரத்தில் கொக்கி இருந்தால் அதை முதலில் கழற்றிவிட வேண்டும். பின்னால் நீளவாக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடி. கிளிப்பை விரலாலேயே அழுத்துங்கள், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்ப வேண்டாம். வளைகுடா வெயிலில் இத்தனை வருடம் காய்ந்த பிளாஸ்டிக், பட்டென்று உடைந்துவிடும். ஃபில்டரைச் சாய்க்காமல் நேராக இழுங்கள். காற்றை ஊதும் ப்ளோவர் விசிறி அதற்குக் கீழேதான் இருக்கிறது, சாய்த்தால் குப்பையெல்லாம் அதற்குள் கொட்டும்.

இதற்கு முன்னால் போட்டிருந்தது பெயர் தெரியாத ஒரு கறுப்பு கார்பன் ஃபில்டர். பார்க்க அழகு. ஆனால் ஃபிரேம் தொளதொளவென்று இருந்தது. கழற்றும்போது பார்த்தால் நடுவில் தூசி கொஞ்சம்தான், ஓரம் நெடுக மண் கோடு. காற்று ஃபில்டர் வழியாக வராமல் பக்கத்து இடைவெளி வழியாக வந்திருக்கிறது. இந்த முறை டென்சோ கம்பெனியில் கார்பன் இல்லாத சாதாரண வெள்ளை ஃபில்டர்தான் வாங்கினேன். ஃபிரேம் விறைப்பாக, நான்கு ஓரமும் ஸ்லாட்டில் இறுகி உட்கார்ந்தது. என்னைக் கேட்டால் கார்பனைவிட இந்தப் பொருத்தம்தான் முக்கியம். கார்பன் டீசல் புகை நாற்றத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் இங்கே கார்பன் தீரும் முன்பே தூசி அடைத்துவிடுகிறது.

மேலே வர வேண்டிய பக்கத்தில் ‘அப்’ என்று அம்புக்குறியோடு அச்சிட்டிருக்கும். வேறு சில கம்பெனிகள் காற்று போகும் திசையை அம்புக்குறியாகப் போடுகின்றன. இந்த வண்டியில் காற்று மேலிருந்து கீழே போவதால், அப்படிப்பட்ட அம்பு கீழே பார்க்க வேண்டும். கடையில் அவசரமாக மாட்டிக் கொடுப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஏர் கம்ப்ரசரில் ஊதித் திரும்பப் போடும் பழக்கத்துக்கு நான் எதிரி. இந்த மாதிரி ஃபில்டர்கள் பலவற்றின் இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றப்பட்டிருக்கும், நுண்தூசியை இழுத்துப் பிடிப்பது அதுதான். தண்ணீரில் கழுவினால் அந்தச் சக்தி போய்விடும். அழுத்தமாக ஊதினால் இழை விலகி ஓட்டை விழும். மேலே கிடக்கும் இலை, மணலைத் தட்டிவிடலாம், அதற்கு மேல் வேண்டாம். டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். நான் ஒவ்வொரு ஆயில் சேஞ்சிலும் பார்க்கிறேன். ஷமால் என்ற வடமேற்குப் புழுதிக்காற்று அடித்து ஓய்ந்த வாரம், ஆயில் சேஞ்சுக்குக் காத்திருக்காமல் பார்த்துவிடுவேன். ஏசியை எப்போதும் உள்காற்றில் (வெளிக்காற்றை எடுக்காமல் உள்ளே இருப்பதையே சுற்றவிடுவது) வைத்து ஓட்டுகிறோமே, தூசி எங்கே வரும் என்று கேட்பார்கள். உள்காற்றும் இந்த ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. நம் ஷூவில் ஒட்டி வந்த மண், கால்மிதியிலிருந்து கிளம்பி அங்கேதான் சேருகிறது.

ஃபில்டர் அடைத்தால் கூலிங் போகும், ப்ளோவர் கத்தும், வீட்டு ஸ்ப்ளிட் ஏசி மாதிரியே காற்றைக் குளிர்விக்கும் காயிலில் ஐஸ் கட்டும். கராஜில் போய்ச் சொன்னால் முதல் பேச்சே “கேஸ் அடிக்கணும்” என்பதுதான். அதற்குப் பணம் கொடுக்கும் முன் ஃபில்டரை ஒரு தடவை உருவிப் பாருங்கள். மேனுவல் ஏசியில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ப்ளோவர் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் அந்தக் காற்றில்தான் குளிர்கிறது. காற்று குறைந்தால் அது சூடாகி எரியும். ப்ளோவர் ஒன்று, இரண்டு, மூன்றாம் வேகத்தில் ஓடாமல் நாலில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் ரெசிஸ்டர்தான்.

டென்சோ போட்டபின் காற்று நன்றாக வருகிறது, டேஷ்போர்டில் தூசி படிவது குறைந்திருக்கிறது. தம்பி முன் சீட்டில் தும்மாமல் வருகிறான், எனக்கு அது பெரிய நிம்மதி. ஸ்டார்ட் செய்ததும் வரும் ஈர நாற்றம் மட்டும் போகவில்லை. அது காயிலில் பிடித்த பூஞ்சை. காயிலைக் கழுவி டிரெயின் குழாய் அடைப்பை எடுத்த பிறகுதான் போயிற்று. அதற்கு ஃபில்டரைக் குறை சொல்லக் கூடாது.

நான் வாங்கியபோது விலை 35 திர்ஹம், பழைய கறுப்பு ஃபில்டரைவிட இரண்டு மடங்கு. வாங்கப் போகும்போது பழைய ஃபில்டரையும் முல்கியாவையும் (வண்டியின் பதிவு அட்டை) எடுத்துப் போங்கள். ஹைலக்ஸ் என்று மட்டும் சொன்னால் 2015-க்குப் பிறகு வந்த மாடலுக்கானதை எடுத்துக் கொடுத்துவிடலாம்.