மாதவிடாயைச் 'சீராக்கும்' மூலிகைத் தேநீர்: 2,400 ரூபாயும் ஐந்து வாரமும்

கடந்த ஆடி மாதம் முகநூல் விளம்பரம் ஒன்றைப் பார்த்து, 'கருப்பையைச் சுத்தம் செய்து மாதவிடாயைச் சீராக்கும்' என்ற மூலிகைத் தேநீரை, ஒரு மண்டலத்துக்கு, அதாவது 48 நாள்களுக்கு, 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதற்கு முன் மூன்று மாதங்களாக எனக்கு இரத்தப்போக்கு ஒன்பது, பத்து நாள் வரை நீடித்துக்கொண்டிருந்தது. அம்மா கிண்டித் தந்த உளுந்தங்களி இடுப்பு வலிக்கு இதமாக இருந்ததே தவிர, போக்கு குறையவில்லை.

பொட்டலத்தில் அசோகப் பட்டை, சதகுப்பை, அதிமதுரம் ஆகிய பெயர்களுக்குப் பின் 'மற்றும் சில அரிய மூலிகைகள்' என்று முடித்திருந்தார்கள். அந்தச் 'சில' எவை என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். குடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து விடியற்காலையில் வயிற்றைப் பிசைந்து பேதியாயிற்று. ஆலோசகர் என்று தொலைபேசியில் பேசிய பெண், "கழிவு வெளியேறுது மேடம், நிறுத்திடாதீங்க" என்றார். கூடவே, நான் சாப்பிட்டுவந்த இரும்புச்சத்து மாத்திரை உடம்புக்குச் சூடு என்று சொல்லி அதை நிறுத்தவும் வைத்தார். பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை. ஐந்து வாரம் கழித்து, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியதால் மருத்துவரிடம் போனபோது ஹீமோகுளோபின் 7.9 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். ஸ்கேனில், கருப்பையில் வளரும் ஃபைப்ராய்டு என்னும் தசைக்கட்டி தெரிந்தது. தேநீர் குடித்துக் கரைகிற சங்கதி அல்ல அது.

மீதியிருந்ததை எங்கள் தெரு நாட்டு மருந்துக் கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரப் பெரியவர் அதைச் செய்தித்தாளில் கொட்டி, வெளிறிய பச்சை இலைத் துணுக்குகளை விரல் நுனியால் ஒதுக்கி, "இது நிலாவாரைம்மா, பேதிக்குக் குடுக்கிறது" என்றார். பட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, அசோகப் பட்டை என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை விற்பது வெகுநாளாக நடப்பதுதான் என்றும், தூளாக்கிய பின் கண்ணால் பிரித்தறிய முடியாது என்றும் சொன்னார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பிரித்த பொட்டலத்துக்குப் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. அதன் பிறகே உறையை நிதானமாகப் படித்தேன். உணவுப் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கங்களில் இருக்க வேண்டும்; சித்த மருந்து என்றால் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். இதிலோ முன்னதில் 13 இலக்கங்களே இருந்தன, பின்னது இல்லவே இல்லை. மாதவிடாய்க் கோளாறைச் சரிசெய்வதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கிறது என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். இதே போன்ற பொட்டலம் வைத்திருப்பவர்கள் உறையையும், பணம் செலுத்திய ரசீதையும், வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் உறையைக் குப்பையில் போட்டுவிட்டு, மறுநாள் காலை வண்டி வருவதற்குள் திரும்ப எடுத்தேன்.