ஸ்கிரமா, கான்பனா: டீம் லீட் எதைப் பார்த்து முடிவு செய்வது?

மென்பொருள் டீமின் வேலையை ஒழுங்குபடுத்தும் இரண்டு முறைகள் ஸ்கிரமும் கான்பனும். டீம் எத்தனை பேர், எவ்வளவு அனுபவசாலிகள் என்பதை வைத்து இரண்டில் ஒன்றை முடிவு செய்பவர்கள்தான் அதிகம். வேலை உங்களிடம் எப்படி வந்து சேருகிறது என்பதை முதலில் பாருங்கள் என்பது என் கட்சி.

கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995இல் ஒரு மாநாட்டில் முன்வைத்த ஸ்கிரமின் மையம், ஸ்பிரிண்ட் என்னும் குறித்த கால அளவுள்ள வேலைச் சுற்று. ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது. பெரும்பாலான இடங்களில் இரண்டு வாரம். தொடக்கத்தில் ஓர் இலக்கு, முடிவில் ஓட்டிக் காட்டக்கூடிய மென்பொருள். புதிதாக ஒரு செயலியைக் கட்டும்போது இது அருமையாக வேலை செய்யும். கிளையன்ட்டுக்கு என்ன வேண்டும் என்பது, எதையாவது கண்ணில் காட்டினால்தான் அவருக்கே தெரியவரும்.

இங்கே லீடின் வேலை காவல் காப்பது. “சின்ன மாற்றம்தான், இதையும் சேர்த்துவிடுங்கள்” என்று நடுவில் வருபவரிடம், அடுத்த ஸ்பிரிண்ட்டில் பார்க்கலாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அது முடியாத இடத்தில் ஸ்கிரம் வெறும் சடங்கு. ஸ்டாண்டப் என்னும் பதினைந்து நிமிட தினசரிக் கூட்டம், மேனேஜருக்கு ஒப்பிக்கும் வருகைப் பதிவாகிவிடும். (ஸ்டோரி பாயின்ட்டை, அதாவது வேலையின் அளவுக்கு டீமே போடும் மதிப்பெண்ணை, வைத்து இரண்டு டீம்களை ஒப்பிடும் கூத்தும் உண்டு. ஸ்கிரம் வழிகாட்டியில் ஸ்டோரி பாயின்ட் என்ற ஒன்றே கிடையாது.)

கான்பனின் வேர் டொயோட்டா தொழிற்சாலையில். மென்பொருளுக்கு அதைக் கொண்டுவந்த டேவிட் ஆண்டர்சன் 2004இல் உதவிய மைக்ரோசாஃப்ட் டீமின் கதையை ஒவ்வொரு லீடும் தெரிந்துவைத்திருக்கலாம். உள் பயன்பாட்டுச் செயலிகளைப் பராமரிக்கும் டீம் அது. வேலை நடந்தது ஹைதராபாத்தில். ஒரு கோரிக்கை முடிய ஐந்து மாதம்போல ஆனது. சோம்பேறித்தனம் காரணமில்லை. வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எஸ்டிமேட் (எவ்வளவு நேரம் ஆகும் என்ற மதிப்பீடு) போட்டுத் தருவதே அவர்கள் நேரத்தில் கணிசமான பங்கைத் தின்றுகொண்டிருந்தது. அப்படி எஸ்டிமேட் போட்டவற்றில் பல, கடைசிவரை செய்யப்படவே இல்லை. எஸ்டிமேட்டை நிறுத்தினார்கள். கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்து, இடம் காலியானால் மட்டும் அடுத்ததை எடுத்தார்கள். காத்திருப்பு சில வாரங்களாகச் சுருங்கியது.

இதில் மாயம் இல்லை, கணக்குதான். கையில் 30 வேலை, வாரத்துக்கு 5 முடிகிறது என்றால் சராசரிக் காத்திருப்பு 6 வாரம். முடிக்கும் வேகம் குறையாமல் கையிருப்பை 10 ஆக்கினால் 2 வாரம்.

ஆனால் அந்த வரம்பைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். டெஸ்டிங்கில் நான்கு டிக்கெட் (பதிவான வேலைக் கோரிக்கை) தேங்கி, வரம்பும் நான்கு என்றால், கோடிங் முடித்தவர் புதியதை எடுக்கக்கூடாது. டெஸ்டிங்குக்குப் போய்க் கைகொடுக்க வேண்டும். “ஆள் சும்மா இருக்கிறாரே” என்று பதறி லீட் இன்னொரு டிக்கெட்டைக் கொடுத்தால் கான்பன் அங்கேயே முடிந்தது. வேலைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று காட்டும் போர்டு, வரம்பில்லாவிட்டால் கலர் காகிதம் ஒட்டிய பட்டியல்தான்.

கான்பனுக்கும் குறை உண்டு. தானாக வரும் கெடு இல்லாததால், புதுத் தயாரிப்பு வேலை யாருக்கும் காட்டப்படாமலே நீண்டுகொண்டு போகலாம்.

ஆக, புரொடக்‌ஷன் பக் (பயன்பாட்டில் உள்ள மென்பொருளில் தெரியும் பிழை), சப்போர்ட் டிக்கெட் என்று நாள்தோறும் வந்து விழும் டீமுக்குக் கான்பன். புதிதாகக் கட்டும் டீமுக்கு ஸ்கிரம். இரண்டும் கலந்த டீம் என்றால்? வாரம் ஒருவர் என்று முறைவைத்து பக் வரிசையை அவரிடம் விடுங்கள், அது கான்பனில் ஓடட்டும். மற்றவர்களின் ஸ்பிரிண்ட்டைத் திட்டமிடும்போது, அந்த ஓர் ஆளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.