நாசாவின் ஏஎஸ்ஆர்எஸ்: தப்பிய விபத்துகளின் தொகுப்பு

பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் விமானப் பராமரிப்புப் பாடம் சொல்லிக்கொடுக்கும் நான், பாடநூலுக்கு அடுத்தபடியாக அவர்களைப் படிக்கச் சொல்வது, விமானிகளும் பராமரிப்பாளர்களும் தங்களுக்கு நேர்ந்த தவறுகளைத் தாமே எழுதி அனுப்பும் ஏஎஸ்ஆர்எஸ் எனப்படும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் தொகுப்பைத்தான். அமெரிக்காவின் நாசா நடத்தும் இச்சேவையை இணையத்தில் எவரும் கட்டணமின்றித் தேடிப் படிக்கலாம்.

1974 டிசம்பர் 1 அன்று, வாஷிங்டனின் டலஸ் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் மலையில் மோதியதில் 92 பேர் இறந்தனர். இறங்க அனுமதி கிடைத்தபின் எந்த உயரம் வரை தாழலாம் என்பதை விமானிகள் ஒருவிதமாகவும் கட்டுப்பாட்டாளர்கள் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டிருந்தனர். அதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பே யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தும், அந்த எச்சரிக்கை அந்நிறுவனத்தின் விமானிகளைத் தாண்டிப் போகவில்லை. 1976இல் ஏஎஸ்ஆர்எஸ் தொடங்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

செலவை ஏற்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் உடைய அந்த அமைப்பிடம் எவரும் மனம் திறந்து எழுதமாட்டார்கள் என்பதால், அறிக்கைகளைப் பெறும் பொறுப்பு நாசாவிடம் விடப்பட்டது. இதை நான் மிகவும் மதிக்கிறேன். அறிக்கைப் படிவத்தில் எழுதியவரின் பெயர் உள்ள மேல்துண்டில் தேதி முத்திரையிட்டு அவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், நகல் வைத்துக்கொள்வதில்லை. வேண்டுமென்றே செய்யாத மீறலைப் பத்து நாட்களுக்குள் எழுதி அனுப்பியவருக்கு, பிற நிபந்தனைகள் பொருந்தினால், தண்டனை விலக்கப்படும். விபத்துக்கும் குற்றச்செயலுக்கும் இச்சலுகை இல்லை. துறைமுகத்திலும் மணலி ஆலைகளிலும் வேலைசெய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, மெமோ வந்துவிடுமோ என்று வாய் திறக்காமல் இருக்கும் அச்சம் வீட்டிலேயே தெரிந்ததுதான். அதனால் இந்த ஏற்பாட்டின் அருமையை விளக்க நான் அதிகம் பேச வேண்டியிருப்பதில்லை.

பதிவுகளைத் திறந்தால், ஆண்டும் மாதமும் இருக்கும், நாள் இருக்காது. நேரம் ஆறு மணிநேரப் பகுதியாகவே இருக்கும். மறைக்க வேண்டிய விமான நிலையத்தின் இடத்தில் ‘இசட் இசட் இசட்’ என்றிருக்கும். அதன் கீழே, பாதிப் பணியில் ஷிப்ட் மாறியபோது என்ன விடுபட்டது என்பதைப் பராமரிப்பாளர் ஒருவர் தம் சொற்களிலேயே சொல்லியிருப்பார்.

குறைகளும் உண்டு. ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் புதியவர்களைத் திணறடிக்கும். பெரும்பாலானவை விமானிகள் எழுதியவை. பராமரிப்பாளர் அறிக்கைகள் குறைவு. தாமாக முன்வந்து எழுதியவை மட்டுமே இருப்பதால், இவற்றை எண்ணிப் பார்த்து ஒரு தவறு எத்தனை முறை நிகழ்கிறது என்று கணக்கிட முடியாது. மாணவர்கள் முதலில் ஏஎஸ்ஆர்எஸ் வெளியிடும் ‘கால்பேக்’ மாத இதழைப் படித்துப் பழகட்டும். பின்னர் தரவுத்தளத்தில் பராமரிப்புப் பிரிவை மட்டும் தேர்ந்தெடுத்துத் தேடலாம்.