கூவம் கரை வெளியேற்றம்: செயற்கைக்கோள் படமா, மக்களே எடுக்கும் கணக்கா?

2015 வெள்ளத்துக்குப் பின் சென்னையின் கூவம், அடையாறு ஆற்றுக் கரைகளிலிருந்து, நகரின் தெற்கு விளிம்பில் உள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் நிலையை ஆராய இரு வழிகள் உண்டு. எந்தக் கரையில் எப்போது கூரைகள் மறைந்தன என்பதைச் செயற்கைக்கோள் படம் ஆண்டுவாரியாக, மறுக்க முடியாதபடி காட்டும். ஆனால் ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் வாழ்ந்திருந்தாலோ, வாடகைக்கு இருந்தவர்கள் மாற்று வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் விடுபட்டிருந்தாலோ அது அறியாது. அந்தக் கரைகளிலேயே வாழ்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று, குடும்ப அட்டையைப் பார்த்து, பிள்ளை எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தியது, பழைய வேலைக்குப் போக இப்போது எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டு எழுதும் கணக்கில்தான் இழப்பின் அளவு தெரியும். அதற்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். அந்த உழைப்புக்கு ஊதியமும் தர வேண்டும். ஒன்றைத்தான் தேர முடியுமென்றால் மக்கள் கணக்கையே தேர்வேன். வெளியிடும் வரைபடத்தில் மட்டும், இன்னும் கரையில் இருப்போரின் வீடுகளைப் புள்ளியிட்டுக் காட்டக் கூடாது. அதுவே அடுத்த இடிப்புக்கு வழிகாட்டிவிடலாம்.