ஈரோட்டில் கில்ட்டுக்குத் துணி எடுத்த கதை

கில்ட் என்கிற ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களுக்கு ஒரே துணி நிறைய வேண்டியதில்லை. அரை மீட்டர், கால் மீட்டர் என்று பல நிறங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால்தான் ஒரு போர்வை கூடிவரும். டொராண்டோவில் கால் மீட்டர் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் வெட்டித் தருவார்கள். விலைதான் கட்டுப்படியாகாது. அதனால் இந்த முறை பெட்டியில் பாதியைக் காலியாக வைத்துக்கொண்டுதான் ஈரோட்டுக்குப் போனேன். ஜவுளிக்கே பேர் போன ஊர், அதுவும் சொந்த ஊர். வேறென்ன வேண்டும்?

முதலில் போனது பல மாடி ஜவுளிக்கடை ஒன்றுக்கு. மீட்டர் துணி மேல்மாடியில் ஒரு மூலையில் கிடந்தது. "சுத்தமான காட்டன் பாப்ளின் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "எல்லாமே காட்டன்தானுங்க்கா" என்று அந்தப் பையன் அலமாரியைக் காட்டினான். நிறம் பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு தானை, அதாவது துணிச்சுருளை, பக்கத்தில் பக்கத்தில் விரிக்கச் சொன்னால், "எடுக்கறதா இருந்தா மட்டும் விரிக்கறனுங்க" என்றான். அரை மீட்டர் கிடையாதாம், குறைந்தது ஒரு மீட்டராம். ரவிக்கைக்கு எண்பது சென்டிமீட்டர் வெட்டுகிற அதே கடை! அதைச் சொன்னதும் பையன் சூப்பர்வைசரைப் பார்த்தான். அவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் ஆகாதுங்க" என்றார்.

பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. முடிவெடுக்கும் உரிமை அவனுக்குக் கிடையாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அந்த மாடியில் ஒரு முக்காலிகூட என் கண்ணில் படவில்லை. நாளெல்லாம் நின்று கால் கடுத்தவனிடம் இன்முகத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

சரி என்று மீட்டர் மீட்டராகவே எடுத்தேன். வெட்டிய விதத்தைப் பார்த்தால் வயிறு எரிந்தது. கத்தரி போன போக்கில் ஒரு கோடு. பாவும் ஊடையும், அதாவது நெடுக்கு நூலும் குறுக்கு நூலும், நேராக இல்லாமல் சதுரம் வெட்டித் தைத்தால், ஒரு துவைப்புக்கே கில்ட் கோணிக்கொள்ளும். பாப்ளினில் ஓரத்தில் சின்னதாக வெட்டு வைத்துக் கிழித்தால் நூல் பிடித்தாற்போல் நேராக வரும். ஜவுளி விற்கிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு துணியிலும் இரண்டு நூல் உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிர்ந்துவிடும். கடுகு மஞ்சள் நிறத் துணியின் நூலோ சுருண்டு, கருப்பாய்க் கெட்டியான மணியாக நின்றது. பாலியஸ்டர் கலப்பு. அரக்கு நிறத் துணியை விரித்தால், தானில் மடிந்திருந்த இடத்தில் நீளவாக்கில் ஒரு வெளுத்த கோடு.

பில்லோடு திரும்பப் போனேன். "வெட்டின துணியத் திருப்பி எடுக்கறதில்லீங்க" என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்ததைக் காட்டினார்கள். பழுதுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் வரை திருப்பித் தரலாம். இதைச் சொல்லி, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசட்டுமா என்று கேட்ட பிறகுதான் மேலாளர் வந்தார். அரக்குத் துணியை மாற்றிக் கொடுத்தார். மஞ்சளுக்கு மட்டும், "பில்லுல காட்டன்னு எங்கயும் போடலீங்களே" என்றார். பார்த்தால் உண்மைதான், 'மீட்டர் ஐட்டம்' என்று மட்டும் இருந்தது. வாயால் காட்டன் என்று சொல்லி விற்றுவிட்டு இப்படிக் கைவிரிப்பது அநியாயம். துணி எடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன்பே 'நூறு சதவீதம் காட்டன்' என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஈரோட்டு ஜவுளிச் சந்தையான கனி மார்க்கெட் பக்கம் போனேன். திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும் வாரச் சந்தையில் மொத்த வியாபாரம்தான் அதிகம், அரை மீட்டருக்கு அங்கே யாருக்கும் நேரமிருக்காது. நான் போனது சந்தை இல்லாத நாளில். சின்னக் கடை ஒன்றில் இருந்த பெரியவர், "என்னத்துக்கு அம்மணி இத்தன நிறம்?" என்று கேட்டார். கைப்பேசியில் என் கில்ட் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தானாகவே அடுக்கிலிருந்து கட்டம் போட்ட துணிகளை இறக்கினார். நூலுக்கே சாயம் ஏற்றி நெய்த கட்டத்துக்கு உள்புறம் வெளிப்புறம் என்ற பேதம் இல்லை, கில்ட்டுக்கு அதைவிட வசதி கிடையாது. எல்லாவற்றையும் அரை அரை மீட்டராகக் கிழித்தே கொடுத்தார்.

திருப்பூரில் வெட்டுத்துணி கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்குமே என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அங்கே பெரும்பாலும் பனியன் துணி. இழுத்தால் நீளும், கில்ட்டுக்கு ஆகாது. கில்ட்டின் அடிப்பக்கத் துணிக்கு நான் எடுத்தது சென்னிமலை பெட்ஷீட். அகலம் தாராளம் என்பதால் நடுவில் ஒட்டுத்தையல் வேண்டாம். கெட்டி நெசவு என்பதால் கைத்தையலுக்குக் கொஞ்சம் சிரமம், மெஷினுக்குப் பிரச்சினை இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போனால் நேராக அந்தப் பெரியவர் கடைக்குத்தான்.