விறகா, புகையில்லாக் கரியா? புகைபோக்கியைக் கேட்டு முடிவெடுங்கள்

யார்க்‌ஷயரில் எரிவாயுக் குழாய் எட்டாத ஊரில் பழைய கல் வீடு வாங்கியவர்களுக்குக் கணப்படுப்பில் எதை எரிப்பது என்ற கேள்வி முதல் குளிர்காலத்திலேயே வந்துவிடும். முன்பு வீடுகளில் எரித்த, புகை கக்கும் சாதாரண நிலக்கரிக்கு இனி வழியில்லை. 2023 மே மாதத்தோடு இங்கிலாந்தில் வீடுகளுக்கு அதை விற்பது நின்றுவிட்டது. மிஞ்சியவை உலர்ந்த விறகு, ஆந்த்ரசைட் என்ற புகை குறைந்த கெட்டி நிலக்கரி, பெரும்பாலும் ஆந்த்ரசைட் தூளைப் பிசைந்து முட்டை வடிவில் அழுத்தும் புகையில்லாக் கரி. நான் எரிப்பது கடைசியாகச் சொன்னதை.

ஆந்த்ரசைட் நின்று எரியும். ஆனால் எளிதில் பற்றாது, கீழிருந்து காற்று நன்றாக இழுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தந்த ஒரு மூட்டையைத் தாண்டி எனக்கு அதில் பழக்கமில்லை.

விறகு கொழுந்துவிட்டு எரிவதைப் பார்த்துக்கொண்டே உட்காரலாம். சாம்பலும் கொஞ்சம்தான், அதையும் தோட்டத்தில் போடலாம். கரிச் சாம்பல் குப்பைக்குத்தான் போகும். ஆனால் விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் மழை படாத கொட்டகை இல்லாமல் ஆகாது.

இதெல்லாம் சில்லறை விஷயம். முடிவு செய்ய வேண்டியது புகைபோக்கிதான். பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இரவு முழுக்கத் தீ அணையாமல் இருக்க வேண்டும். விறகில் அதற்கு வழி, காற்றுத் துவாரத்தை மூடி மந்தமாகப் புகைய விடுவது. அந்தப் புகை குளிர்ந்த குழாயில் தாராகப் படிகிறது. முதலில் பிசுபிசுப்பு, நாளடைவில் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புப் பூச்சு. துடைப்பான் அதைச் சுரண்டாது. ஒருநாள் பெரிதாக மூட்டும்போது அந்தத் தார் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள்ளேயே தீ.

புகையில்லாக் கரியில் இந்தத் தார்த் தொல்லை இல்லை. படுக்கப்போகும் முன் கங்கின் மேல் உருண்டைகளைக் குவித்துக் கீழ்க்காற்றைக் குறைத்துவிட்டால், காலையில் நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கும். கரியைத் தாங்கும் இரும்புத் தட்டியின் கம்பியை ஆட்டிச் சாம்பலை உதிர்த்துக் காற்றைத் திறந்தால் மீண்டும் சிவக்கும். இப்படி அடங்கி எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை விடும். அதைக் கண்டு ஒலிக்கும் அலாரம் இல்லாத வீட்டில் செய்யவே கூடாது.

கரியின் குற்றம் கந்தகம். குளிர்காலம் முடிந்ததும் குழாயைச் சுத்தம் செய்யாமல் விட்டால், அதில் படிந்த கந்தகப் புகைக்கரி கோடை ஈரத்தில் அமிலமாகி, புகைபோக்கிக்குள் இறக்கிய உலோக உள்குழாயை அரிக்கும். இலையுதிர் காலம் வரட்டும் என்று காத்திருப்பது வீண். வசந்தத்திலேயே ஆளைக் கூப்பிடுங்கள். உள்குழாய் 904 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்; 316 ரகம் விறகுக்குத்தான். கரியோடு விறகைக் கலக்கவும் கூடாது, விறகின் ஈரம் அந்த அமிலத்துக்குத் துணைபோகும். 'இரண்டையும் எரிக்கும் அடுப்பு' என்று கடைக்காரர் சொன்னால், ஒரே நேரத்தில் என்று அர்த்தமில்லை. எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் பெட்ரோலியக் கோக் கலந்த மூட்டையா என்றும் கேளுங்கள். அதன் உக்கிரம் தட்டியை வளைத்துவிடும்.

புவி சூடாவதைப் பற்றிக் கேட்டால் என்னிடம் வாதமில்லை. எரிப்பது புதைபடிவ எரிபொருள்தான். மாலையில் மட்டும் அடுப்பு மூட்டுகிறவர், கொட்டகையும் 316 ரகக் குழாயும் ஏற்கெனவே இருக்கிறவர் என்றால், குழாயை மாற்றுவதற்குச் செலவழிக்காமல் விறகிலேயே இருங்கள்.